ஊசிக்கும் கத்திக்கும் நடுவே நான்கு வாரம்

வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை நடந்து, தையல் பிரித்து, ஆளும் தேறி வேலைக்குப் போன பிறகு, மாதங்களோ வருடங்களோ கழித்து அந்தத் தழும்பின் நடுவே ஒரு புடைப்புத் தெரியத் தொடங்கும். இருமினால் அது பெரிதாகும். மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும். வலி அதிகம் இராது. மேலே தோல் ஒட்டிக்கொண்டது, அடியிலிருந்த தசையுறை ஒட்டவில்லை, அல்லது ஒட்டிய இடம் மெல்லப் பிரிந்துவிட்டது. அந்த இடைவெளி வழியே குடல் வெளியே தள்ளுகிறது. தழும்புக் குடலிறக்கம் என்று இதற்குப் பெயர். ஆஸ்பத்திரியில் ஹேர்னியா என்றே சொல்வார்கள். சிறிதாக இருக்கும்போது சரிசெய்வது எளிது. ஆனால் வலிக்காத ஒன்றுக்காக நாட்கூலியை விட்டுவிட்டு கிளினிக்குக்குப் போய் வரிசையில் நிற்க யாருக்கும் மனம் வருவதில்லை. சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டோ, பெல்ட் போட்டுக்கொண்டோ காலம் ஓடும். ஐரோப்பியக் குடலிறக்கச் சங்கத்தின் வகைப்பாட்டில் ஓட்டையின் அகலம் 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் முதல் வகை, 10 வரை இரண்டாம் வகை, அதற்கு மேலே போனால் மூன்றாம் வகை. சேலைக்கட்டுக்குள் வருடக்கணக்கில் மறைந்திருந்து கடைசியில் வைத்தியரிடம் வருவது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகைதான். அப்படிப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு நான்கு வாரம் முன்னதாக வயிற்றின் பக்கத் தசைகளில் ஊசி போட்டு, அவற்றைத் தளர விடும் முறை கடந்த 15 வருடங்களுக்கு மேலாக உலகின் பெரிய மருத்துவ நிலையங்களில் பரவியிருக்கிறது. இலங்கையின் அரநாயக்க போன்ற ஓர் ஊரின் தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஊசி கிடைக்க வேண்டுமா, கிடைத்தால் என்ன நிபந்தனையோடு கிடைக்க வேண்டும் என்பதே இங்கு என் கேள்வி.

ஓட்டை ஏன் தானாகவே அகன்றுகொண்டு போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வயிற்றின் முன்பக்கம், நடுக்கோட்டுக்கு இருபுறமும் மேலிருந்து கீழாக இரண்டு நேர்தசைகள் ஓடுகின்றன. விலாப் பக்கங்களில் மூன்று தசைத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, நார்கள் வெவ்வேறு திசையில் ஓடும்படி படிந்திருக்கின்றன. இந்தப் பக்கத் தசைகள் எந்நேரமும் முதுகை நோக்கி இழுத்தபடியே இருக்கும். நடுக்கோட்டின் உறுதியான நார்ப்பட்டை இரண்டு பக்கத்து இழுப்பையும் சமன் செய்து பிடித்துக்கொள்கிறது. வடம் இழுக்கும்போது வடம் நடுவில் அறுந்தால் இரண்டு பக்கத்தாரும் பின்னால் போய் விழுவார்கள் அல்லவா, நடுக்கோடு பிளந்த வயிற்றிலும் அதுதான் நடக்கிறது. இழுக்க எதிர்ப்பக்கம் இல்லாமற்போன தசைகள் வருடம் போகப்போகக் குறுகி, விறைத்து, விலாப்புறத்துக்கு ஒதுங்கிவிடும். வெளியே வந்த குடலோ புடைப்பின் பைக்குள்ளேயே குடியிருக்கப் பழகிவிடும். அது விட்டுவந்த வயிற்றறையும் சுருங்கும். இந்த நிலையில் 14 சென்டிமீட்டர் விலகிய இரண்டு விளிம்புகளைப் பலவந்தமாக இழுத்துத் தைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். நூல் தசையுறையை அறுத்துக்கொண்டு வெளியே வரும். அல்லது தையல் தாங்கி, உள்ளே அழுத்தம் ஏறி, உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு முட்டும். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறையும். தைக்காமல் செயற்கை வலையை மட்டும் ஓட்டைக்குக் குறுக்கே பாலம் போலப் பொருத்தினால் வயிறு மூடப்பட்டதாகத் தெரியும், ஆனால் இயங்கும் சுவராக அது மாறாது. மீண்டும் புடைப்பதற்கும் வாய்ப்பு அதிகம். ஆர்ஜென்டீனாவின் கோஞி மொரேனோ 1947இல் வயிற்றறைக்குள் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் காற்றை ஏற்றி இடத்தைப் பெருக்கும் வழியைச் சொன்னது இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காகத்தான். அந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஊசியில் இருப்பது பொட்டுலினம் நஞ்சு. முகச் சுருக்கத்துக்குப் போடும் பொட்டொக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது. ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க்கில், கெட்டுப்போன இரத்த சொசேஜ் தின்று செத்தவர்களை ஆராய்ந்த வைத்தியர் யுஸ்டினஸ் கேர்னர், இந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கிறது என்று 1820களிலேயே கண்டார். மிகையாகத் துடிக்கும் நரம்புகளை அடக்க ஒருநாள் இது மருந்தாகலாம் என்றும் எழுதி வைத்தார். 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு மரணவீட்டுக்கு வாசிக்கப்போன இசைக்குழுவினர் பன்றித்தொடை இறைச்சி சாப்பிட்டு விழுந்தபோது, எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்தார். அதற்கு ஏறக்குறைய 85 வருடம் கழித்து, 1980இல், சான் பிரான்சிஸ்கோவின் கண் வைத்தியர் அலன் ஸ்கொட், மாறுகண்ணைச் சரிசெய்ய இதை மனிதருக்குப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருள் வெளியேறத் துணைசெய்யும் ஒரு புரதத்தை இந்த நஞ்சு வெட்டிவிடுகிறது. தூது வராத தசை தளர்ந்து கிடக்கிறது. மயக்க மருந்தோடு சத்திரசிகிச்சைக் கூடத்தில் கொடுக்கும் தசைத் தளர்ப்பிகளும் அதே சந்திப்பில்தான் வேலை செய்கின்றன, ஆனால் அவற்றின் வேலை நிமிடக் கணக்கு. இந்த நஞ்சுக்கு நாட்கணக்கு, மாதக்கணக்கு: இரண்டு மூன்று நாளில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று முதல் ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். நரம்பு புதிதாகத் தளிர்விட்டு மீண்டும் தசையைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கணக்கை வாசகர் மனதில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் மீதி முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

குடலிறக்கத்துக்கு இதைப் பயன்படுத்திய ஆரம்ப அறிக்கைகளில் முக்கியமானது மெக்சிகோவின் இபார்ரா ஹுர்ட்டாடோ குழு 2009இல் வெளியிட்டது. 12 நோயாளிகள், ஊசிக்கு முன்னும் நான்கு வாரத்துக்குப் பின்னும் சீ.டி. ஸ்கேன் எடுத்து ஓட்டையின் அகலத்தை அளந்தார்கள். சராசரியாக 5 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. சிட்னியில் எல்ஸ்ட்னர் குழு 2016இல் 27 பேரின் பக்கத் தசைகளின் நீளத்தையே அளந்தது: ஒரு பக்கத்துக்குச் சராசரி 15.7 சென்டிமீட்டராக இருந்தது 19.9 ஆகியிருந்தது. ஊசி போடும் விதமும் சிக்கலானதல்ல. நோயாளி ஒருக்களித்துப் படுத்திருப்பார். விலா விளிம்புக்கும் இடுப்பெலும்பு முனைக்கும் இடையே பக்கத்துக்கு மூன்று இடங்கள் குறிக்கப்படும். அல்ட்ராசவுண்ட் திரையில் மூன்று தசைத் தகடுகளும் இடையிடையே வெள்ளைக் கோடு இழுத்த சாம்பல் பட்டைகளாகத் தெரியும். ஊசிமுனை ஒவ்வொரு பட்டைக்குள்ளும் நுழைவதையும், மருந்து இறங்கும்போது அந்தப் பட்டை மட்டும் மெல்லப் பிரிந்து உப்புவதையும் கண்ணால் காணலாம். பிறகு நோயாளி எழுந்து வீட்டுக்குப் போகலாம். பின்னர் சிட்னிக் குழுவே, ஆக உள்ளே இருக்கும் குறுக்குத் தசையை விட்டுவிட்டு மேலிரண்டு தகடுகளுக்கு மட்டும் போட்டாலும் போதும் என்று காட்டியது. முண்டத்தை நிலைநிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அந்த உட்தசைக்கு என்பதால் இது சின்ன விஷயமல்ல.

சான்றின் பலவீனத்தையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். மேலே சொன்னவை சிறிய குழுக்கள். ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டவை அல்ல. வெளியாகியிருக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த மாதிரியானவையே. அமெரிக்காவின் மயோ கிளினிக் 2013இல் ஊசி பெற்ற 22 பேரை, பெறாத 66 பேரோடு பொருத்திப் பார்த்தது. வலி குறைந்திருந்தது, வலிநிவாரணியின் தேவையும் குறைந்திருந்தது. சிக்கல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. இவ்வளவையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது: தசை நீள்கிறது என்பதற்குச் சான்று நன்றாக இருக்கிறது, விளிம்புகளைச் சேர்த்துத் தைப்பது எளிதாகிறது என்பதற்கு ஓரளவு இருக்கிறது, ஐந்து வருடம் கழித்தும் அந்த வயிறு மூடியே இருக்கும் என்பதற்கு இன்னும் போதாது. ஆகவே இந்த ஊசி தருவது ஒரு தவணை என்று கொள்வதே சரி. குறிப்பிட்ட சில வாரங்களுக்கு வயிற்றின் பக்கங்கள் இழுப்பை விட்டுத் தளர்ந்திருக்கும். அந்த வாரங்களுக்குள் வந்து தைத்துக்கொள்ள வேண்டும். வந்து தைக்காவிட்டால், தளர்ந்த தசை பழையபடி இறுகும்; செலவும் வீண், நோயாளி பட்ட சிரமமும் வீண். சத்திரசிகிச்சைத் தேதியை உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் இந்த ஊசியைப் போடக் கூடாது என்பதும், தேதியை உறுதி செய்யும் ஏற்பாட்டோடு சேர்த்தால் ஏழை நோயாளிக்கும் இதை மறுக்கக் கூடாது என்பதும் என் வாதம்.

தேதி என்று எழுதுவது எளிது. அரநாயக்கவிலிருந்து மாவனெல்லைக்கு இறங்கினால் ஆதார வைத்தியசாலை. அங்கிருந்து கொழும்பு – கண்டி வீதியில் ஒரு பக்கம் கேகாலை, மறுபக்கம் பேராதனை. சீ.டி. ஸ்கேன், அல்ட்ராசவுண்ட் துணையோடு ஊசி, தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டில் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பெரிய வைத்தியசாலைக்குத்தான் போயாக வேண்டும். ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், பிறகு மீண்டும் ஸ்கேன், பிறகு அனுமதி. 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புதைத்த அரநாயக்கவுக்கு, அடைமழைக் காலத்தில் ஒரு பாதை எத்தனை நாள் மூடிக்கிடக்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதை திறந்திருந்தாலும் சத்திரசிகிச்சைக் கூடம் திறந்திருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டால், முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்தது. அப்போது இல்லாமற்போன மருந்துகளில் ஒன்று நியோஸ்டிக்மின். தளர்த்தப்பட்ட தசையை, சத்திரசிகிச்சை முடிந்ததும் மீண்டும் இயங்கவைக்கக் கொடுக்கும் மலிவான, பழைய மருந்து அது. மருந்து இல்லாததால் கத்தியை எடுக்கவே முடியாது என்ற நிலை வந்தது. அந்த வாரம் பொட்டுலினம் ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்த ஒரு நோயாளியைக் கற்பனை செய்து பாருங்கள்: அவருடைய தசைக்குள் மூன்று மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், வைத்தியசாலையின் கணக்கோ நின்றுபோயிருக்கும்.

காத்திருக்கும் வாரங்களில் நோயாளி என்ன செய்வார் என்பதை ஆய்வறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை. ஊசிக்குப் பிறகு இருமல் பலமிழக்கும், தும்மல் முழுதாக வராது, வயிறு உப்பினாற்போல இருக்கும், சிலருக்கு முதுகு வலிக்கும்; இவற்றைச் சிறு தொல்லைகளாகவே பதிவு செய்திருக்கிறார்கள். மேசைவேலை செய்பவருக்கு அவை சிறு தொல்லைகள்தான். மலைச்சரிவில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணுக்கு அப்படியல்ல. ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து, ஒரு பக்கமாகச் சரிந்து, நிறை போடப் போகும்வரை முதுகில் கொழுந்தைச் சுமந்து நிற்கும்போது அவளை நிமிர்த்திப் பிடிப்பவை அந்தப் பக்கத் தசைகளே. இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் ஆணுக்கும், மரத்துக்கு மரம் குனிந்து திரும்பிப் பால் வாளியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் உழைப்பது அவைதான். அவற்றைத் தளர்த்திவிட்டு அதே ஆளை அடுத்த நாள் மலைக்கு அனுப்பினால், ஏற்கெனவே பிளந்திருக்கும் சுவரில் சுமையின் அழுத்தம் முழுவதும் விழும். ஆகவே ஊசி போட்டவர் அந்த நான்கு வாரமும் பாரம் தூக்கக் கூடாது. சத்திரசிகிச்சைக்குப் பின் இன்னும் பல வாரம். தோட்டத்தில் நாட்சம்பளம் பேர் விழுவதை, அதாவது அன்றைய வேலை பதிவாவதை, பொறுத்தது. போதிய கொழுந்து இல்லாவிட்டால் அரைப் பேர், போகாவிட்டால் ஒன்றுமில்லை. 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. 2013 கூட்டு ஒப்பந்தத்தில் 450 ரூபா அடிப்படைச் சம்பளத்தோடு 140 ரூபா வருகை ஊக்கத்தொகை இருந்தது, அதுவும் வேலைநாட்களில் 75 சதவீதம் வந்தால்தான். அந்தத் தொகை பின்னர் நீங்கிவிட்டாலும், வராத நாள் நட்டநாள் என்ற அமைப்பு மாறவில்லை. இலவச வைத்தியசாலையில் ஊசி இலவசமாகவே கிடைத்தாலும், நோயாளி தன் கையிலிருந்து கட்டும் விலை அந்த நான்கு வாரத்துப் பேர். இதைக் கணக்கில் சேர்க்காத எந்தச் செலவுக் கணக்கும் தோட்டத்துக்குப் பொருந்தாது.

இது பணக்காரர் முகத்துக்குப் போடும் மருந்து, பராசிட்டமோலுக்கே தட்டுப்பாடு வந்த நாட்டில் அரசு இதை வாங்குவது ஆடம்பரம் என்று ஒரு மறுப்பு வரும். விலை அதிகம் என்பது உண்மை. ஒரு நோயாளிக்கு 200 அல்லது 300 அலகு வேண்டும், அதாவது 100 அலகுக் குப்பி இரண்டு அல்லது மூன்று. 2 முதல் 8 பாகைக் குளிரில் வைத்திருக்கவும் வேண்டும். குடலிறக்கத்துக்கென்று அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கவுமில்லை. வைத்தியரின் தீர்மானத்தில், நோயாளியின் சம்மதத்தோடு போடப்படுவது. ஆனால் அதே நஞ்சு பக்கவாதத்தால் இறுகிய கைக்கும், கழுத்து இழுப்புக்கும், கண் துடிப்புக்கும் மருந்து. மருந்தின் பெயர் எந்தக் கடையில் அதிகம் கேட்கிறது என்பதை வைத்து அதன் தேவையை எடைபோடக் கூடாது. பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டையோடு வருபவர்கள் ஒரு மாவட்டத்தில் வருடத்துக்குச் சொற்பமே. மூடாமல் விட்ட வயிற்றோடு அவர்கள் வேலையை இழப்பதும், அவசர நிலையில் குடல் நெரிந்து நடுராத்திரியில் வருவதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் கிடப்பதும் அரசுக்கும் செலவுதான்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது: கத்தியாலேயே இதைச் செய்யலாமே? 1990இல் ஒஸ்கார் ரமிரெஸ் வெளிப்புறச் சாய்தசையை நீளவாக்கில் விடுவித்து நேர்தசைகளை நடுவுக்குக் கொண்டுவரும் முறையை விவரித்தார். 2012இல் நொவிட்ஸ்கி குழு உட்குறுக்குத் தசையைப் பின்பக்கமாக விடுவிக்கும் முறையை வெளியிட்டது. இன்று பெரிய குடலிறக்கங்களுக்கு உலகெங்கும் அதுவே நம்பிக்கையான வழி. தேர்ந்த கையில் இந்தச் சத்திரசிகிச்சை பிரமாதமாக வரும், நஞ்சும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். ஆனால் வெட்டிய தசை மீண்டும் ஒட்டாது. வெட்டும் கோடு சற்று விலகி நேர்தசையின் ஓரப் பட்டையில் விழுந்தால், நடுவில் இருந்த ஒரு குடலிறக்கத்துக்குப் பதிலாகப் பக்கத்தில் ஒரு புதிய குடலிறக்கம் உண்டாகும். அதைச் சரிசெய்வது முதலாவதைவிடப் பன்மடங்கு கடினம். ஊசியின் விளைவோ தானாகவே நீங்கிவிடும். நிபுணர்கள் சில நகரங்களில் மட்டும் இருக்கும் நாட்டில், மாவட்ட மட்டத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் தசையை வெட்டாமலேயே விளிம்புகளைச் சேர்க்க முடிந்தால் அது நோயாளிக்குப் பாதுகாப்பு. வெட்டித்தான் ஆகவேண்டிய இராட்சதக் குடலிறக்கங்களும் உண்டு. அவற்றுக்கு ஊசி துணைக்கு நிற்கும், கத்திக்கு மாற்றாகாது.

வருமுன் காப்பதை விட்டுவிட்டு ஊசியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஜென்கின்ஸ் 1976இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: தைக்கும் நூலின் நீளம் கீறலின் நீளத்தைப்போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். நெதர்லாந்தில் 560 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்து நடத்தி 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி, 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு தையல் போட்டவர்களில் ஓராண்டில் 13 சதவீதத்தினருக்கே குடலிறக்கம் வந்தது என்றும், வழக்கமான ஒரு சென்டிமீட்டர்ப் பெருந்தையலில் அது 21 சதவீதம் என்றும் காட்டியது. இதற்குக் கூடுதல் மருந்து வேண்டாம், இயந்திரம் வேண்டாம். கீறலை மூடும் கடைசி வேளையில், களைத்துப்போன சத்திரசிகிச்சைக் குழு இன்னும் சில நிமிடம் பொறுமையாகத் தைத்தால் போதும். புடைப்பு வந்தபின்னும், சிறிதாக இருக்கும்போதே வலை வைத்துச் சரிசெய்வதில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதற்கு நெதர்லாந்தின் இன்னொரு ஆய்வு சாட்சி: வெறும் தையலோடு விட்டவர்களில் பத்து வருடத்தில் 63 சதவீதத்தினருக்கு மீண்டும் வந்தது, வலை வைத்தவர்களில் 32. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், சிறுதையல் பயிற்சிக்கும் வலைக்கும் கொடுங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் இன்று ஒழுங்காகத் தைப்பது பத்து வருடத்துக்கு முன் தைத்தவரின் வயிற்றை மூடாது. பிள்ளைப்பேற்றுக்கோ கருப்பைக்கோ கீறல் போட்டு, அதன் தழும்பு விரிந்து, பெல்ட்டுக்குள் குடலைச் சுமந்துகொண்டு இன்னும் மலையேறும் பெண்ணுக்கு, அடுத்த தலைமுறைக்கு நன்றாகத் தைப்போம் என்பது பதிலாகாது.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மாகாணத்துக்கு ஒரு வைத்தியசாலை இந்தச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஸ்கேன் பார்த்து, ஊசி வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்பதை ஒரே குழு தீர்மானிக்க வேண்டும். கூடத்தில் இடம், தீவிர சிகிச்சைக் கட்டில், வலை, மயக்க மருந்துகள், நியோஸ்டிக்மின் உட்பட, கையிருப்பில் உண்டு என்று உறுதியான பிறகே குப்பியைத் திறக்க வேண்டும். நான்கு வாரக் காத்திருப்பை வெறுமனே விடாமல் அதையே மருத்துவமாக்க வேண்டும்: சீனியைக் கட்டுக்குள் கொண்டுவர, பீடியையும் சுருட்டையும் நிறுத்த, மூச்சுப் பயிற்சி பழக அதே நான்கு வாரம் தேவைப்படுகிறது, காயம் ஆறுவதில் நஞ்சுக்கு இருக்கும் பங்கைவிட இவற்றுக்கு இருக்கும் பங்குக்குச் சான்று உறுதியானது. வைத்தியசாலை கொடுக்கும் கடிதத்தைத் தோட்ட நிர்வாகம் ஏற்று, அந்த வாரங்களுக்குப் பாரமில்லாத வேலையோ சம்பளத்தோடு விடுப்போ கொடுக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது. தோட்ட மருந்தகத்தில் இருப்பவருக்கு அந்த நோயாளியின் பெயரும் தேதியும் தெரிந்திருக்க வேண்டும். இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் முதலில் ஓடுவது அவரிடம்தான். கிளினிக் கொப்பியில், ஊசி போட்ட தேதிக்குப் பக்கத்திலேயே சத்திரசிகிச்சைத் தேதியும், அதற்குக் கீழே பாரம் தூக்கக் கூடாது என்ற வரியும், அந்தக் கொப்பியைக் கொண்டுபோகிறவர் லயத்தில் உட்கார்ந்து தானே வாசிக்கும்படி தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.